மூன்று வரிக்குக் கீழே ஒரு சி லைப்ரரி

பைத்தானில் ஒரு புகைப்படத்தைத் திறந்து, சிறிதாக்கி, சேமிப்பது மூன்று வரி வேலை. ரூபியிலும் பிஎச்பியிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அந்த மூன்று வரியில் ஒன்றுகூட பிக்சலைத் தொடுவதில்லை. தொடுவதெல்லாம் அடியில் இருக்கும் சி நிரல். பைத்தானின் பட நூலகமான பில்லோவுக்கு அடியில், ஜேபெக் படங்களைப் பிரிக்கும் லிப்ஜேபெக்கும், சுருக்கிய தரவை விரிக்கும் இசட்லிப்பும் இருக்கின்றன. பிஎச்பியின் பட நூலகமான ஜிடிக்கு அடியிலும் அவையே. நோட் (ஜாவாஸ்கிரிப்ட்) உலகத்தில் பலரும் எடுத்துப் போட்டுக்கொள்ளும் ஷார்ப்புக்கு அடியில் லிப்விப்ஸ் என்ற இன்னொரு சி நூலகம். பைத்தானின் முதல் பொது வெளியீடு 1991 பிப்ரவரியில் வந்தது; லிப்ஜேபெக்கின் முதல் வெளியீடு அதே ஆண்டு அக்டோபரில். ஒரே வயதுதான். ஆனால் லிப்ஜேபெக்கை எழுதியவர்கள் அதை ஒரு ஸ்கிரிப்ட் மொழி வந்து அழைக்கும் என்று நினைத்து எழுதவில்லை. அதன் ஒவ்வொரு மூலையிலும் அது தெரியும்.

பில்லோ போன்ற தயார்நிலை மேலுறை இருக்கும்போது அடியில் இறங்க வேண்டியதில்லைதான். ஆனால் மேலுறை தராத ஒரு வசதி தேவைப்படும், அல்லது நினைவகம் ஏன் இப்படி வீங்குகிறது என்று பார்க்க வேண்டியிருக்கும், அல்லது ஒரு பிழைச்செய்திகூட இல்லாமல் புரோசஸ் செத்துப்போகும். அப்போது இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கிப் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று: வேலை எளிதா கடினமா என்பது நாம் எழுதும் மொழியைப் பொறுத்து இல்லை. பைத்தானோ ரூபியோ, சிக்கல்கள் ஒன்றுதான். அந்த சி லைப்ரரியின் முகப்பை, அதாவது வெளியிலிருந்து அழைக்க அது தரும் ஃபங்ஷன்களையும் அவற்றின் விதிகளையும், அதை எழுதியவர் எப்படி வடிவமைத்தார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில், அழைப்பு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பைத்தானில் 2006-ல் வந்த 2.5 பதிப்பிலிருந்து, சி நிரலை அழைக்க உதவும் சிடைப்ஸ் கூடவே வருகிறது. ரூபிக்கு அதே வேலையைச் செய்யும் எஃப்எஃப்ஐ ஜெம், பிஎச்பிக்கு 2019-ல் வந்த 7.4 பதிப்பிலிருந்து எஃப்எஃப்ஐ. மூன்றுக்கும் அடியில் வேலை செய்வது லிப்எஃப்எஃப்ஐ என்ற ஒரே சிறிய நூலகம். ஓடும் நேரத்தில் ஒரு ஷேர்டு லைப்ரரியை, அதாவது ஏற்கெனவே கம்பைல் செய்த சி நிரல் கோப்பை, திறந்து, அதில் ஒரு ஃபங்ஷனின் முகவரியைப் பெயர் சொல்லிக் கண்டுபிடித்து, நாம் தரும் மதிப்புகளை அந்த சிபியுவின் வழக்கப்படி ரெஜிஸ்டர்களிலும் ஸ்டாக்கிலும் வைத்து, அந்த முகவரிக்குத் தாவுவது. அவ்வளவுதான் அதன் வேலை. ஃபங்ஷன்களின் அறிவிப்புகள் இருக்கும் ஹெடர் கோப்பை சிடைப்ஸ் படிப்பதில்லை. ஷேர்டு லைப்ரரிக்குள் ஃபங்ஷனின் பெயரும் முகவரியும் இருக்கும். எத்தனை அளவுருக்கள், என்ன டைப், திரும்பி வருவது எண்ணா பாயிண்டரா என்ற செய்தி எதுவும் இருக்காது. கம்பைலர் அதையெல்லாம் பார்த்துவிட்டுத் தூக்கி எறிந்துவிட்டது. ஆகவே நாம் சொல்வதைத்தான் சிடைப்ஸ் நம்பும். தப்பாகச் சொன்னால் தப்பாகவே நம்பும்.

இந்த நிலையில் லிப்ஜேபெக்கை நேரடியாக அழைக்க முயன்றால் என்ன ஆகும்?

ஒரு ஜேபெக்கைப் பிரிக்க, ஹெடரில் அறிவிக்கப்பட்ட பெரிய ஸ்ட்ரக்சர் ஒன்றை நாமே ஒதுக்கி, அதன் முகவரியைக் கொடுக்க வேண்டும். படத்தின் அகலம், உயரம், வண்ண முறை, குவாண்டைசேஷன் அட்டவணைகள், உள்வேலைக்கான பாயிண்டர்கள் என்று பல பத்து புலங்கள் அதில் இருக்கின்றன. சியில் இது ஒரு வரி அறிவிப்பு. பைத்தானில் அத்தனை புலங்களையும் அதே வரிசையில், அதே அளவில், நாமே திரும்ப எழுத வேண்டும். அப்படியே எழுதினாலும் அது எந்த லைப்ரரிக்குப் பொருந்தும்? லிப்ஜேபெக்கின் வேகமான வடிவமான லிப்ஜேபெக்-டர்போ மூன்று விதமாகக் கட்டப்படலாம்: பழைய 6பி முகப்போடு, 7-ஆம் பதிப்பின் முகப்போடு, அல்லது 8-ன் முகப்போடு. எந்த முகப்போடு கட்டினார்கள் என்பதைப் பொறுத்து ஸ்ட்ரக்சரின் நடுவில் சில புலங்கள் சேரும், சில போகும். ஒரு லினக்ஸ் விநியோகத்தில் சரியாக ஓடும் ஸ்கிரிப்ட், இன்னொன்றில் அகலம் இருக்க வேண்டிய இடத்தில் வேறு எதையோ படிக்கும்.

இந்த ஆபத்து லிப்ஜேபெக்காரர்களுக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் தொடக்க ஃபங்ஷனை ஒரு மேக்ரோவாக வைத்திருக்கிறார்கள். கம்பைல் ஆகும்போது ஹெடரின் பதிப்பு எண்ணையும் ஸ்ட்ரக்சரின் அளவையும் அந்த மேக்ரோ உள்ளே சேர்த்து அனுப்பும். பொருந்தாவிட்டால், லைப்ரரி 80, அழைப்பவர் எதிர்பார்ப்பது 62 என்ற பாணியில் ஒரு செய்தி வரும். இதைப் பார்த்திராத லினக்ஸ் பயனர்கள் குறைவு. நல்ல பாதுகாப்புதான். ஆனால் மேக்ரோ என்பது கம்பைலருக்கு முன்பே கரைந்துபோகும் சங்கதி. ஷேர்டு லைப்ரரிக்குள் அது இருக்காது. ஸ்கிரிப்ட் மொழியிலிருந்து தேடினால், ஆவணத்தில் இருக்கும் பெயர் கிடைக்காது. அதன் பின்னால் ஒளிந்திருக்கும் உண்மையான ஃபங்ஷனைக் கண்டுபிடித்து, பதிப்பு எண்ணையும் அளவையும் கையால் எழுத வேண்டும். பாதுகாப்புக்கு வைத்த எண்ணை நாமே யூகித்து நிரப்புவது என்றால் அப்புறம் அது என்ன பாதுகாப்பு?

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுத்துக்கொள்ள முடியாதது பிழை கையாளும் விதம். லிப்ஜேபெக்கின் இயல்பான பிழைக் கையாளி, திருத்த முடியாத பிழை வந்தால் ஒரு செய்தியை அச்சிட்டுவிட்டு எக்ஸிட்டை அழைக்கும். ஒரு கெட்ட ஜேபெக் வந்தால் உங்கள் வெப் சர்வர் புரோசஸ் முழுக்க மூடிக்கொள்ளும். கட்டளைவரி நிரலுக்கு அது போதும் என்ற காலம். மாற்று வழியும் ஆவணத்திலேயே இருக்கிறது: நமது சொந்தக் கையாளியை வைத்து, அதிலிருந்து லாங்ஜம்ப் செய்து, அதாவது செட்ஜம்ப் கொண்டு முன்பே குறித்து வைத்த இடத்துக்கு நேரே குதித்து, வெளியேறலாம். ஒரு நிபந்தனை, அந்தக் கையாளி லைப்ரரிக்குத் திரும்பி வரவே கூடாது.

பைத்தானில் அந்தக் கையாளியை எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சிடைப்ஸ் ஒரு பைத்தான் ஃபங்ஷனை சி பாயிண்டராக மாற்றித் தரும். அதற்குள் ஒரு எக்செப்ஷனை எழுப்பினால், அது சி ஸ்டாக்கைத் தாண்டி மேலே வராது. சிடைப்ஸ் அதை அச்சிட்டுவிட்டு, புறக்கணித்துவிட்டு, லைப்ரரிக்கே திரும்பும். திரும்பக் கூடாத இடத்துக்குத் திரும்பினால் லைப்ரரி பாதி உடைந்த நிலையில் தொடர்ந்து ஓடும். சரி, லாங்ஜம்ப்பையே அழைத்துவிடலாமா என்றால், அது பைத்தானின் உள் ஃபிரேம்களையும் தாண்டிக் குதித்துவிடும். ஒரு ஆப்ஜெக்ட்டை எத்தனை இடங்கள் பிடித்திருக்கின்றன என்ற ரெஃபரன்ஸ் எண்ணிக்கையும், ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் பைத்தானை ஓட்டவிடும் பூட்டான ஜிஐஎல்லின் நிலையும் குலைந்துபோகும். முன்னால் போனாலும் சிக்கல், பின்னால் போனாலும் சிக்கல். பிஎன்ஜி படங்களுக்கான லிப்பிஎன்ஜியும் இதே செட்ஜம்ப் வழியைத்தான் பின்பற்றுகிறது. பில்லோ ஏன் தன் சொந்த சி நிரலை நடுவில் வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டாம். செட்ஜம்ப்பையும் லாங்ஜம்ப்பையும் சியிலேயே முடித்துக்கொண்டு, ஒரு சாதாரண பிழை எண்ணை மட்டும் மேலே அனுப்ப யாராவது வேண்டும்.

அப்படி ஒரு மெல்லிய அடுக்கு லிப்ஜேபெக்-டர்போவின் கூடவே வருகிறது, டர்போஜேபெக் என்ற பெயரில். அடியில் அதே நிரல்தான். முகப்பு மட்டும் வேறு. ஆனால் முகப்பு மாறியதால் எல்லாமே மாறிவிடுகிறது. ஸ்ட்ரக்சர் எதையும் நாம் பார்க்க வேண்டியதில்லை. தொடங்கினால் ஒரு பாயிண்டர் கிடைக்கும். உள்ளே என்ன என்று கேட்கக் கூடாது, திருப்பித் தருவது மட்டும்தான் நம் வேலை. பொருள் வைக்கும் அறையில் கொடுக்கும் டோக்கன் மாதிரி. பிழை வந்தால் மைனஸ் ஒன்று திரும்பும். என்ன பிழை என்று கேட்க ஒரு தனி ஃபங்ஷன். தலைப்பைப் படி, பிக்சல்களை இந்த இடத்தில் நிரப்பு, மூடு. பைத்தானிலிருந்து இதை அழைக்க முப்பது வரி போதும், அதில் பாதி டைப் அறிவிப்பு.

அந்த டைப் அறிவிப்பைச் சோம்பேறித்தனமாக விட்டுவிடக் கூடாது. ஒரு ஃபங்ஷன் என்ன திருப்பித் தரும் என்று சொல்லாவிட்டால், சிடைப்ஸ் அதை சியின் இன்ட் என்று எடுத்துக்கொள்ளும். அதாவது 32 பிட். டர்போஜேபெக் தரும் டோக்கனோ 64 பிட் முகவரி. மேல் பாதி வெட்டுப்பட்டு, கீழ் பாதி மட்டும் நம் கையில் கிடைக்கும். அடுத்த அழைப்பில் அதைத் திருப்பிக் கொடுத்தால் செக்மென்டேஷன் ஃபால்ட்: தொடக் கூடாத முகவரியைத் தொட்டதற்காக இயங்குதளம் புரோசஸைக் கொன்றுவிடும். இதில் கொடுமை என்னவென்றால், சில கணினிகளில் இது வேலை செய்யும். பைத்தான் இயங்குநிரல் எப்படிக் கட்டப்பட்டது என்பதைப் பொறுத்து, ஹீப் (ஓடும்போது ஒதுக்கப்படும்) நினைவகம் தாழ்ந்த முகவரிகளில் தொடங்கலாம்; அப்போது மேல் பாதி எப்படியும் பூஜ்யம்தான், வெட்டினாலும் நஷ்டமில்லை. சிறிய ஒதுக்கீடுகள் அங்கே போகும். பெரியவை உயரமான முகவரிகளுக்குப் போகும். சிறிய படத்தில் ஓடியது பெரிய படத்தில் விழும், உங்கள் கணினியில் ஓடியது சர்வரில் விழும். பிழையைப் படத்தில் தேடுவீர்கள். அது அறிவிப்பில் இருக்கும்.

இன்னொரு பொறி, அன்சைன்ட் லாங். பழைய டர்போஜேபெக் முகப்பில் கோப்பின் அளவு இந்த டைப்பில்தான் போகும். 64 பிட் லினக்ஸில் அது 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4 பைட். சிடைப்ஸின் சி_யூலாங் இரண்டு இடத்திலும் சரியானதைத் தரும். ஆனால் 64 பிட் எண் என்று நாமாக எழுதிவிட்டால், லினக்ஸில் நன்றாக ஓடிவிட்டு விண்டோஸில் ஒருநாள் வாரிவிடும். 2023-ல் வந்த 3.0 பதிப்பு இதற்குப் பதில் சைஸ்_டி-க்கு மாறியது. நல்ல முடிவு.

பிக்சல்கள் கைக்கு வந்த பிறகும் ஒரு சங்கதி பாக்கி. ஒரு வரிசை பிக்சலுக்கு எத்தனை பைட் என்பது அகலத்தை மூன்றால் பெருக்கினால் வருவது என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் பல லைப்ரரிகள் ஒவ்வொரு வரிசையையும் 4 பைட்டின் மடங்காக நீட்டிக்கொள்கின்றன. அகலம் 1001 பிக்சல் என்றால் வரிசைக்கு 3003 பைட், நீட்டினால் 3004. இந்த ஒரு பைட்டைக் கவனிக்காமல் படித்தால், ஒவ்வொரு வரிசையும் மேலே இருப்பதைவிடக் கொஞ்சம் நகர்ந்து, படம் முழுக்கச் சாய்ந்து, வானவில் நிறக் கோடுகள் ஓடும். சாய்ந்த படத்தைப் பார்த்தால் ஸ்ட்ரைட், அதாவது வரிசைக்கான பைட் எண்ணிக்கை, தப்பு. முகங்கள் நீலமாகத் தெரிந்தால் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) வரிசையும் அதன் தலைகீழான பிஜிஆரும் இடம் மாறிவிட்டன, பெரும்பாலும் பிஜிஆரைப் பயன்படுத்தும் ஓப்பன்சிவி நூலகம் நடுவில் வந்திருக்கும். படம் சம்பந்தப்பட்ட பிழைகளில் எனக்குப் பிடித்தது இதுதான், பிழைச்செய்தியே இல்லாமல் படமே காட்டிக்கொடுத்துவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒருமுறை சரி செய்தால் தீர்ந்துவிடும் பிரச்சினைகள். தீராத பிரச்சினை ஒன்று உண்டு: நினைவகம் யாருடையது?

6000-க்கு 4000 பிக்சல் புகைப்படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2 கோடியே 40 லட்சம் பிக்சல், பிக்சலுக்கு 3 பைட், ஆக 72 மெகாபைட். வட்டில் அது ஐந்தாறு மெகாபைட் ஜேபெக்காக இருந்திருக்கும். படங்களைக் கையாளும் இன்னொரு சி நூலகமான இமேஜ்மேஜிக்கின் 6-ஆம் பதிப்பை 16 பிட் ஆழத்தில் கட்டியிருந்தால் பிக்சலுக்கு 8 பைட், ஆக 192 மெகாபைட். இந்த 192 மெகாபைட் சியின் பக்கம் இருக்கிறது. ரூபியின் பக்கம் இருப்பது ஒரு சின்ன ஆப்ஜெக்ட், சில பத்து பைட். ரூபியின் கார்பேஜ் கலெக்டர், அதாவது பயன்படாத நினைவகத்தைத் தானாக மீட்கும் பகுதி, தன் பக்கத்து எண்ணிக்கையைப் பார்த்துத்தான் எப்போது சுத்தம் செய்யலாம் என்று முடிவெடுக்கும். பத்து சின்ன ஆப்ஜெக்ட்கள் சேர்ந்திருக்கின்றன, அவசரமில்லை என்று அது சும்மா இருக்கும். அந்தப் பக்கம் இரண்டு கிகாபைட் நிரம்பியிருக்கும். இமேஜ்மேஜிக்கை நேரடியாக ரூபிக்குள் கொண்டுவரும் ஆர்மேஜிக் பல ஆண்டுகள் நினைவகம் கசிகிறது என்று பெயர் வாங்கியதில் பெரும் பங்கு இதற்கு. உண்மையில் பெரும்பாலும் எதுவும் கசியவில்லை. விடுவிக்க வேண்டிய நேரத்தை ரூபியால் அறிய முடியவில்லை. அதனால்தான் படத்தைக் கையாலேயே அழிக்கும் ஒரு மெத்தடை அதில் வைத்தார்கள். ஸ்கிரிப்ட் மொழிக்கு வந்தும் சியில் போல நாமே விடுவிக்க வேண்டும் என்றால் எரிச்சல் வரும்தான். பிற்பாடு, எனக்கு வெளியே இவ்வளவு நினைவகம் இருக்கிறது என்று கலெக்டரிடம் சொல்லும் ஒரு வழியை ரூபி திறந்தது. ஆனால் அதை எக்ஸ்டென்ஷன் எழுதுபவர் மறக்காமல் அழைத்தால்தான் பலன்.

பைத்தானில் ரெஃபரன்ஸ் எண்ணிக்கை முறை இருப்பதால் இது அவ்வளவு உறுத்தாது; கடைசிப் பெயர் விட்டவுடன் ஆப்ஜெக்ட் போய்விடும். ஆனால் எதிர்த்திசைச் சிக்கல் பைத்தானில்தான் அதிகம்: சி இன்னும் படித்துக்கொண்டிருக்கும்போதே பைத்தான் நினைவகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது. ஒரு பஃபரின் முகவரியை லைப்ரரிக்குக் கொடுத்துவிட்டு, அந்த பஃபரைத் தாங்கியிருந்த மாறியை நாம் விட்டுவிட்டால், முகவரி மட்டும் அங்கே இருக்கும், வீடு இடிந்திருக்கும். லைப்ரரி திரும்ப அழைப்பதற்காக நாம் கொடுக்கும் கால்பேக்குகளிலும் இதே கதை. சிடைப்ஸ் செய்து தரும் ஃபங்ஷன் பாயிண்டரை ஏதாவது ஒரு மாறியில் பிடித்து வைத்திருக்க வேண்டும், லைப்ரரி அதை அழைக்கும் காலம் முழுவதும். இல்லாவிட்டால் எப்போதாவது ஒரு நாள், எந்தக் காரணமும் தெரியாமல் விழும். யார் ஒதுக்கினார்களோ அவர்களே விடுவிக்க வேண்டும் என்ற விதியும் உண்டு: டர்போஜேபெக் சுருக்கித் தரும் பஃபரை அதன் சொந்த டிஜேஃப்ரீயால்தான் விட வேண்டும். சாதாரண ஃப்ரீ லினக்ஸில் பெரும்பாலும் பிழைத்துவிடும், விண்டோஸில் இரண்டு வெவ்வேறு சி ரன்டைம்கள் மோதிக்கொண்டால் பிழைக்காது.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் இதில் ஒரே விஷயம்தான் இருக்கிறது. ஸ்கிரிப்ட் மொழிக்கும் சிக்கும் இடையிலான எல்லையை ஒருமுறை கடக்க ஒரு மைக்ரோநொடி என்று வைத்துக்கொண்டால், பிக்சலுக்கு ஒரு அழைப்பு வீதம் அந்த 2 கோடியே 40 லட்சத்துக்கும் கடக்க மட்டும் 24 நொடி. உள்ளே சி எவ்வளவு வேகமாக ஓடினாலும் உதவாது. படத்துக்கு ஒரு அழைப்பு என்றால் கடக்கும் செலவு கணக்கிலேயே வராது. சிடைப்ஸ் சி ஃபங்ஷனுக்குள் போகும்போது ஜிஐஎல்லை விட்டுவிட்டுப் போகும் என்பதால், நான்கு த்ரெட்கள் நான்கு படங்களை உண்மையிலேயே ஒரே நேரத்தில் பிரிக்கலாம். டோக்கன் மட்டும் த்ரெட்டுக்கு ஒன்று தனியாக வேண்டும்.

நல்ல முகப்பு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது லிப்விப்ஸ். இதன் பூர்வீகம் சுவாரசியமானது. 1989-ல் ஐரோப்பிய நிதியோடு வசாரி என்றொரு திட்டம் தொடங்கியது. லண்டன் நேஷனல் கேலரி போன்ற இடங்களின் ஓவியங்களை, நிறம் பிசகாமல், மிக உயர்ந்த நுணுக்கத்தில் படமாக்கி, காலப்போக்கில் அவற்றின் நிறம் எப்படி மாறுகிறது என்று அளப்பது நோக்கம். ஒரு ஓவியத்தின் படம் அன்றைய கணினியின் நினைவகத்தைவிடப் பல மடங்கு பெரியது. முழுப் படத்தையும் ஏற்றிவிட்டு அப்புறம் வேலை செய்யலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஜான் குபிட்டும் கர்க் மார்டினஸும் மற்றவர்களும் அந்த நெருக்கடியில்தான் இதை வடிவமைத்தார்கள்.

அதனால் லிப்விப்ஸில் படம் என்ற ஆப்ஜெக்ட்டுக்குள் பிக்சல்கள் இருப்பதில்லை. கோப்பைத் திற என்றால் தலைப்பை மட்டும் படிக்கும். சுருக்கு, கூர்மையாக்கு, நிறவெளியை மாற்று என்றால் எதையும் செய்யாமல், செய்ய வேண்டியதைக் குறித்துக்கொள்ளும். கடைசியில் சேமி என்றதும்தான் வெளியீட்டின் முனையிலிருந்து சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிக்சல்களை இழுக்கத் தொடங்கும். பல த்ரெட்கள் பல பகுதிகளை ஒரே நேரத்தில் இழுக்கும். மேலிருந்து கீழே ஒரே தடவை படித்தால் போதும் என்று சீக்வென்ஷியல் முறையில் திறந்தால், நினைவகத்தில் சில பத்து வரிசைகளுக்கு மேல் இருக்கத் தேவையே இல்லை.

ஸ்கிரிப்ட் மொழிக்கு இந்த அமைப்பு எவ்வளவு பொருத்தம் என்று பாருங்கள். எல்லையைக் கடக்கும் ஒவ்வொரு அழைப்பும் ஒரு குறிப்பை மட்டும் எழுதுகிறது. பிக்சல்கள் எல்லைக்கு இந்தப் பக்கம் வரவே வராது. கார்பேஜ் கலெக்டர் கொஞ்சம் தாமதித்தாலும் தொங்கிக்கொண்டிருப்பது பெரும்பாலும் குறிப்புகள்தான். ஜேபெக்கின் சிறுபடம் வேண்டுமென்றால் இன்னொரு சலுகையும் உண்டு. ஜேபெக் 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகச் சேமிக்கப்படுவதால், பிரிக்கும்போதே பாதி, கால், எட்டில் ஒரு பங்கு அளவில் பிரிக்க லிப்ஜேபெக்கால் முடியும். 6000-க்கு 4000 படம் நேராக 750-க்கு 500 ஆக வெளியே வரும். அங்கிருந்து மிச்சத்தைச் சுருக்கினால் போதும். லிப்விப்ஸின் தம்ப்நெயில் ஃபங்ஷன் இதைத் தானாகவே செய்துகொள்ளும். பில்லோவின் தம்ப்நெயில் மெத்தடும் செய்யும். ரீசைஸ் மெத்தட் செய்யாது. ஒரே வேலைக்கு இரண்டு மெத்தடுகள் என்று நினைத்து ரீசைஸைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இன்னொரு அழகு, லைப்ரரியை ஸ்கிரிப்ட் மொழியோடு இணைக்கும் பைண்டிங் எழுதப்பட்ட விதம். லிப்விப்ஸில் சுமார் 300 செயல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பைத்தானில் ஒரு மேலுறை எழுதினால், அதை ஒவ்வொரு வெளியீட்டிலும் பராமரித்தே ஒருவர் ஓய்ந்துபோவார். லிப்விப்ஸ், ஜிஆப்ஜெக்ட் என்ற சி ஆப்ஜெக்ட் அமைப்பின் மேல் கட்டப்பட்டதால், தன் செயல்களைப் பற்றித் தானே சொல்லும்: உன் உள்ளீடுகள் என்னென்ன, எது கட்டாயம், எது விருப்பம், என்ன டைப் என்று ஓடும் நேரத்திலேயே கேட்கலாம். பைத்தானுக்கான பைண்டிங்கான பைவிப்ஸில் தெரியாத ஒரு மெத்தடை நீங்கள் அழைத்தால், அது அந்தப் பெயரில் ஒரு செயல் இருக்கிறதா என்று லைப்ரரியிடமே கேட்டு, இருந்தால் நடத்திவிடும். லைப்ரரியில் புதிய செயல் சேர்ந்தால் பைண்டிங்கைத் தொடாமலே அது பைத்தானில் கிடைக்கும். ரூபியிலும் பிஎச்பியிலும் இதே வழி. ரூபியின் வெப் கட்டமைப்பான ரெயில்ஸின் 2021 இறுதியில் வந்த 7-ஆம் பதிப்பு, புதிய செயலிகளில் படத்தைக் கையாள இதையே இயல்பாக்கியது. ஷேர்டு லைப்ரரிக்குள் டைப் செய்தி இருக்காது என்று முன்பு சொன்னேன் அல்லவா. அந்தக் குறையை லைப்ரரியே நிரப்பிவிட்டது.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். வேலை கடைசியில்தான் நடக்கும் என்பதால் பிழையும் கடைசியில்தான் வரும். பாதியில் வெட்டுப்பட்ட கோப்பைத் திறந்த வரியில் எதுவும் தெரியாது. பத்து வரி தள்ளி சேமிக்கும் இடத்தில் தெரியும். படித்த கோப்பின் பெயரிலேயே திரும்ப எழுதினால், இன்னும் படித்து முடிக்காத கோப்பை நாமே அழிக்கிறோம். சீக்வென்ஷியலாகத் திறந்துவிட்டுப் படத்தைத் தலைகீழாகப் புரட்டச் சொன்னால், வரிசை தவறிப் படிக்கிறாய் என்று ஒரு பிழை வரும். ஃபோர்க் செய்யும், அதாவது தன்னையே நகலெடுத்துக் குழந்தைப் புரோசஸ்களை உருவாக்கும், சர்வர்களில், ஃபோர்க்குக்கு முன்பே லிப்விப்ஸ் தன் த்ரெட்களைத் தொடங்கிவிட்டால் குழந்தைப் புரோசஸ் தொங்கிப்போகலாம். லினக்ஸில் வழக்கமாக இருக்கும் சி நூலகமான க்ளிப்சியின் நினைவக ஒதுக்கீட்டாளரோடு பல த்ரெட்கள் சேர்ந்தால் நினைவகம் சிதறி, விடுவித்த பிறகும் புரோசஸ் பெருத்தே இருக்கும். ஜெமாலாக் என்ற மாற்று ஒதுக்கீட்டாளருக்கு மாறினால் பெரும்பாலும் இளைக்கும்.

இவ்வளவும் நம் சொந்தக் கோப்புகளுக்கு. ஊர் பேர் தெரியாதவர்கள் பதிவேற்றும் படங்களை எடுத்துக்கொண்டால் கணக்கே வேறு. பிஎன்ஜியின் தலைப்பில் அகலத்துக்கு 4 பைட், உயரத்துக்கு 4 பைட். அந்த எட்டு பைட்டில் யார் வேண்டுமானாலும் எந்த எண்ணையும் எழுதி, சின்னக் கோப்புக்குப் பெரும் நினைவகத்தை ஒதுக்க வைக்கலாம். பில்லோ சுமார் 8 கோடியே 95 லட்சம் பிக்சலைத் தாண்டினால் எச்சரிக்கும், அதன் இரண்டு மடங்கைத் தாண்டினால் மறுத்துவிடும். எரிச்சலாக இருக்கிறது என்று அந்த வரம்பை எடுத்துவிடச் சொல்லும் ஆலோசனைகளைக் கேட்காதீர்கள். 2016 மே மாதம் இமேஜ்மேஜிக்கில் வெளிவந்த ஓட்டையில், படக் கோப்புக்குள் எழுதிய ஷெல் கட்டளை சர்வரில் ஓடியது. 2023 செப்டம்பரில், வெப்பி படங்களைப் பிரிக்கும் லிப்வெப்பியில் ஹீப் எல்லை மீறும் ஓட்டை தெரியவந்தபோது, இயங்குதளத்தின் லிப்வெப்பியைப் புதுப்பித்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள் ஒன்றை மறந்தார்கள்: பைத்தானின் தொகுப்பு நிறுவியான பிப் மூலம் வந்த பில்லோ தனக்குள்ளேயே ஒரு லிப்வெப்பி பிரதியை வைத்திருக்கிறது. அதைத் தனியாக 10.0.1-க்கு ஏற்ற வேண்டியிருந்தது. எந்தப் பிரதி உண்மையில் ஏறியிருக்கிறது என்று பார்க்க, லினக்ஸில் புரோசஸின் மேப்ஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். சில சமயம் ஒரே லைப்ரரி இரண்டு இடத்திலிருந்து ஏறியிருக்கும்.

அதனால் அந்நியர் தரும் படம் என்றால், எல்லையை ஃபங்ஷன் அழைப்பாக வைத்துக்கொள்ளாமல் புரோசஸாக வைத்துக்கொள்வதையே நான் விரும்புகிறேன். ரூபியின் மினிமேஜிக் முதலிலிருந்தே இப்படித்தான்: இமேஜ்மேஜிக்கை உள்ளே இழுக்காமல், அதன் கட்டளையை வெளியே ஓட்டிவிட்டு முடிவை வாங்கிக்கொள்ளும். லிப்விப்ஸுக்கும் விப்ஸ்தம்ப்நெயில் என்ற கட்டளை உண்டு. செக்மென்டேஷன் ஃபால்ட் வந்தால் அந்தக் கட்டளை மட்டும் சாகும், நமக்கு ஒரு எண் கிடைக்கும். நினைவகம் கேள்வியே இல்லாமல் இயங்குதளத்துக்குத் திரும்பிவிடும். நினைவகத்துக்கும் சிபியு நேரத்துக்கும் உச்சவரம்பு வைக்க யூலிமிட் போதும். படத்துக்கு ஒரு புரோசஸ் தொடங்கும் செலவு சில பத்து மில்லிநொடி இருக்கலாம். பெரிய படத்தைப் பிரிக்கும் நேரத்தோடு பார்த்தால் அது ஒன்றுமில்லை, சின்ன ஐகான்களை லட்சக்கணக்கில் செய்தால் உறுத்தும்.

உறுத்தினால் நடுவழி உண்டு. பைத்தானிலேயே சில தொழிலாளிப் புரோசஸ்களைத் தொடங்கி, லைப்ரரியை அவற்றுக்குள் மட்டும் ஏற்றலாம். இதில் மல்டிபுராசஸிங்கின் பூல் வேண்டாம். அதில் ஒரு தொழிலாளி செக்மென்டேஷன் ஃபால்ட்டில் செத்தால், அதன் கையில் இருந்த வேலை காணாமல் போய், பதிலுக்காக நம் நிரல் காத்துக்கொண்டே இருக்கும். கன்கரன்ட் ஃபியூச்சர்ஸின் புராசஸ் பூல் எக்ஸிக்யூட்டர், பூல் உடைந்துவிட்டது என்று வாய்விட்டுச் சொல்லும். பைத்தான் 3.11-லிருந்து அதில் ஒரு தொழிலாளிக்கு இத்தனை வேலைதான் என்று வரம்பும் வைக்கலாம். ஃபோர்க் முறையில் அந்த வரம்பு இயங்காது என்பதால், நகலெடுக்காமல் புதிதாகத் தொடங்கும் ஸ்பான் முறையில் தொடங்குங்கள், லிப்விப்ஸின் த்ரெட்களுக்கும் அதுதான் நல்லது. ஃபால்ட்ஹேண்ட்லரை ஒவ்வொரு தொழிலாளியிலும் இயக்கி வையுங்கள். விழுந்த கணத்தில் பைத்தானின் எந்த வரி சிக்குள் போயிருந்தது என்று அது அச்சிட்டுவிட்டுச் சாகும்.